கொடுவாவுக்கு எத்தனை டைஸ்

ரீனா அக்கா வீட்டு மொட்டை மாடியில் மூன்று வருடத்தில் இருநூறு பேரையாவது கொன்றிருப்போம்.

திரேஸ்புரத்தில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி அந்த வீடு. மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை, ஒரு பிளாஸ்டிக் மேசை, ஐந்து நாற்காலி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு உட்கார்ந்தால் விளக்கு வைக்கும்வரை வெட்டும் குத்தும்தான். எல்லாம் வாயால். ஆளுக்கு ஒரு பாத்திரத்தைப் பேப்பரில் எழுதி வைத்துக்கொண்டு, அது செய்வதைச் சொல்லி, இருபது முகம் உள்ள பகடையை உருட்ட வேண்டும். விழுகிற எண் பெரிதாக இருந்தால் நினைத்தது நடக்கும். சிறிதாக இருந்தால் அடி விழும்.

அதை இங்கே கொண்டுவந்தவன் நான். பெயர் செந்தில்முருகன். இன்ஜினியரிங் மூன்றாம் வருடத்தில் காலேஜை விட்டேன். அங்கே உருப்படியாகக் கற்றது இது ஒன்றுதான். இப்போது ஒரு கண்டெய்னர் யார்டில் நைட் ஷிஃப்ட். குளிரூட்டிய கண்டெய்னர்களின் வெப்பநிலையை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுதி வைக்க வேண்டும். மிச்ச நேரத்தில் ஒரு நீள நோட்டில் ஆட்டத்தின் விதிகளை நானே தமிழில் எழுதினேன். நான் ஆடுவதில்லை. கதையைச் சொல்வதும் தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்வதும் என் வேலை. என்னை ரெஃப்ரி என்பார்கள்.

ஆடுபவர்கள் நான்கு பேர். ரீனா அக்கா இறால் கம்பெனியில் தரம் பார்ப்பவள். கிளைட்டன் அவள் தம்பி, சங்கு குளிப்பவன். ஜெரால்டு அண்ணன் சங்குப் போட்டுக்குச் சொந்தக்காரர். ஆட்டத்தில் வைத்தியராக வருவார், பிழைக்க வந்தவனைக் கொன்றுவிட்டுச் சிரிப்பார். நாலாவது அனிஷ். அவனும் சங்கு குளிப்பவன்தான். ஜனவரியிலிருந்து கிளைட்டனின் இடத்தில் ஜெரால்டு அண்ணன் போட்டில் போகிறான்.

ஜனவரியில் நடந்தது இது. பன்னிரண்டு பாகம், எழுபது அடிக்கு மேல், ஆழத்தில் கிளைட்டன் இருந்தபோது மேலே போட்டில் காற்று அனுப்பும் கம்ப்ரஸர் நின்றுவிட்டது. வாயில் கவ்வியிருந்த ரப்பர் ஓஸில் காற்று வரவில்லை. நெஞ்சு வெடிக்கிற அவசரத்தில் ஒரே மூச்சாக மேலே வந்தான். அப்படி வந்தால் ரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டும். உயிர் பிழைத்தது. இடது கையில் மணிக்கட்டுக்குக் கீழே உணர்ச்சி போனது. விரல் மடங்கும், பிடிக்கும், ஆனால் எதைப் பிடிக்கிறோம் என்று தெரியாது. பிப்ரவரியில் டீக்கடையில் கொதிக்கக் கொதிக்க இருந்த கிளாஸைப் பிடித்தபடி கால் மணி நேரம் என்னிடம் கால்பந்து பேசினான். உள்ளங்கை கொப்பளித்துத் தோல் உரிந்ததை நான்தான் காட்டினேன்.

சங்கு குளிப்பவனுக்கு இடது கையில்தான் ஓஸ் இருக்கும். காற்று குறைந்தால் முதலில் அந்தக் கைக்குத்தான் தெரியும், பிறகுதான் வாய்க்கு. அந்த இடைவெளியில்தான் ஆள் பிழைப்பான்.

ஜனவரி கடைசியிலிருந்தே கிளைட்டன் தன் இடத்தைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தான். போட்டில் நான்கு பேருக்குத்தான் ஓஸ் உண்டு. மற்ற மூவரும் ஜெரால்டு அண்ணனின் சொந்தக்காரர்கள். கிளைட்டனா அனிஷா என்று அவர் சொல்ல வேண்டும். அவருக்கு யாரிடமும் இல்லை என்று சொல்ல வராது.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசையில் உட்கார்ந்ததும் கிளைட்டன் ஆரம்பித்தான்.

“அண்ணே, நாளைக்கு நான் வாரேன்.”

“கை எப்படி இருக்கு?”

“கைக்கு என்ன? இன்னா பாருங்க, மடங்குது.”

“மடங்குதது சரிடே...”

“மூணு மாசமா பாப்போம் பாப்போம்ங்கிய. ஒண்ணு வாடான்னுங்க, இல்ல போடான்னுங்க.”

ஜெரால்டு அண்ணன் கூரையைப் பார்த்தார். அனிஷுக்கு அந்தச் சங்கடம் பொறுக்கவில்லை. விளையாட்டாக வாயை விட்டான்.

“அண்ணன ஏன்லே நெருக்குத? உன் கொடுவாவும் என் சீலாவும் அடிச்சுக்கிடட்டும். ஜெயிக்கவன் நாளைக்குப் போட்டுல ஏறுவோம்.”

கொடுவா கிளைட்டனின் பாத்திரம். சீலா அனிஷுடையது. மீன் பெயர்தான் வைத்திருந்தார்கள். மூன்று வருடமாக ஒரே கூட்டத்தில் சேர்ந்து கொள்ளையடித்த இரண்டு கடல்திருடர்கள்.

அனிஷ் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை. ஜெரால்டு அண்ணன் முகத்திலிருந்து மூன்று மாதத்துப் பாரம் இறங்குவதைப் பார்த்தேன்.

“அது நல்ல பேச்சு. நானும் யாருக்கும் பொல்லாதவனாவ வேண்டாம். ரெஃப்ரி சொன்னதுதான் முடிவு. பொறவு எவனும் எங்கிட்ட வரக் கூடாது, என்ன?”

“கிறுக்கா பிடிச்சிருக்கு உங்களுக்கு?” என்றாள் ரீனா அக்கா.

“யக்கா, நீ சும்மா இரு. எனக்குச் சம்மதம்” என்றான் கிளைட்டன்.

அனிஷால் பின்வாங்க முடியவில்லை. தலையாட்டினான்.

வெளியூர்க்காரன் கேட்டால் சிரிப்பான். நாங்கள் சிரிக்கவில்லை. அந்த மேசையில் விழுந்த எண்ணை யாரும் ஒருநாளும் மாற்றியதில்லை. தன் பாத்திரம் செத்தபோது ஜெரால்டு அண்ணன் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தார், ஆனால் இன்னொரு முறை உருட்டுகிறேன் என்று கேட்கவில்லை. எங்களிடம் சுத்தமாக இருந்தது அது ஒன்றுதான்.

இங்கே ஒரு விதியைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் சில திறமைகள் உண்டு, சில கருவிகளில் தேர்ச்சி உண்டு. திறமை மட்டும் இருந்தால் ஒரு பகடை. கருவி மட்டும் இருந்தாலும் ஒரு பகடை. இரண்டும் இருந்து இரண்டும் அந்த வேலைக்குப் பொருந்தினால் இரண்டு பகடை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். இந்தத் தேர்ச்சிகள் பிறந்த ஊர் வழியாகக் கொஞ்சம் வரும், செய்யும் தொழில் வழியாகக் கொஞ்சம் வரும். ஒன்றே இரண்டு வழியாகவும் வந்தால் அது இரண்டாகாது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதற்குப் பதில் வேறு எடுத்துக்கொள்ள வேண்டும்.

கொடுவாவுக்கு ‘முங்குதல்’ என்கிற நீர்மூழ்கும் திறமை இரண்டு வழியாகவும் வந்தது. வேறு எடுத்துக்கொள் என்று நான் சொன்னபோது கிளைட்டன் மறுத்துவிட்டான். ‘பொறப்புலயும் முங்குவேன், தொழில்லயும் முங்குவேன், அப்படியே எழுது’ என்றான். அவன் பேப்பரில் முங்குதல் இரண்டு முறை இருக்கும். கருவியில் அவனுக்குக் கத்தி. அது பிறந்த ஊர் வழியாக வந்தது. அனிஷின் சீலாவுக்கு ஏறுதலும் கொக்கியும்.

நான் சண்டையை ஒரு தோணியின் மேல்தளத்தில் வைத்தேன். காரணம் இருந்தது. தளத்தில் முங்குதல் உதவாது. அவனுக்குக் கத்தி, இவனுக்குக் கொக்கி, ஆளுக்கு ஒரு பகடை. இருவரும் உருட்ட, பெரிய எண் விழுந்தவன் அடிப்பான். மூன்று காயம் பட்டால் சாவு.

“நடுக்கடல். காத்து இல்ல. பாயெல்லாம் செத்துத் தொங்குது. ரெண்டு பேரும் எதிரெதிரா நிக்கிய” என்றேன்.

“நேரா போயிக் குத்துதேன்” என்றான் கிளைட்டன்.

அவனுக்குப் பதினாறு. அனிஷுக்கு ஏழு. சீலா தலையைத் திருப்பியதால் கழுத்து தப்பியது, காது தப்பவில்லை. கத்தி காதை அடியோடு சீவி, தாடையெலும்பில் உரசி நின்றது. காது பலகையில் விழுந்து ஒட்டிக்கொண்டது. அப்படியே சொன்னேன். நான் எதையும் மெழுகிச் சொல்வதில்லை.

“காதுதானே போச்சு. ரீனாக்கா திட்டுதது இனி பாதிதான் கேக்கும்” என்றான் அனிஷ்.

“உருட்டிட்டுப் பேசுல” என்றான் கிளைட்டன்.

அடுத்து அனிஷுக்குப் பதினெட்டு. கொக்கியைத் தாழ்வாக வீசி இழுத்தான். அது கொடுவாவின் தொடையில் ஏறி, சதையைச் சுருட்டிக்கொண்டு மறுபக்கம் வந்தது. கொக்கியிலிருந்து தன் இடுப்புக்குக் கட்டியிருந்த கயிற்றைச் சீலா சுண்டினான். கொடுவா மல்லாக்க விழுந்து பின்மண்டையால் பலகையை இடித்தான். அடுத்த முறையும் அனிஷுக்கே பெரிய எண். விழுந்து கிடந்தவனின் முகத்தில் குதிகாலால் மிதித்தான். மூக்கெலும்பு உள்ளே போனது. முன்பல் இரண்டு தொண்டைக்குள் இறங்கின.

கொடுவாவுக்கு இரண்டு காயம். இன்னொன்று பட்டால் முடிந்தது. நான் நிம்மதியானேன். அதை மறைக்கத் தண்ணீர் குடித்தேன்.

கிளைட்டன் மேசையில் இருந்த பகடையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

“தோணிக்கு ஓரம் இருக்குல்லா?”

“இருக்கு.”

“கொக்கி இன்னும் என் தொடையிலதான இருக்கு? கயிறு அவன் இடுப்புல.”

“ஆமா.”

“உருளுதேன். ஓரத்த தாண்டிக் கடலுக்குள்ள விழுதேன். அவனையும் இழுத்துட்டு.”

அதைத் தடுக்க விதி எதுவும் இல்லை. எதிர்பார்த்திருக்க வேண்டும். தன் தொடைச் சதை கிழிந்தாலும் பரவாயில்லை என்று எதிரியையும் கட்டி இழுத்துக்கொண்டு ஆழத்துக்குப் போகிறான். அங்கே அவனுக்கு முங்குதலும் இருக்கிறது, கத்தியும் இருக்கிறது. இரண்டு பகடை. சீலாவுக்கு ஏறுதலால் தண்ணீரில் பிரயோஜனம் இல்லை. ஒரு பகடை.

ஜெரால்டு அண்ணன் ‘ச்சே, என்னா ஆட்டம்டே’ என்று தொடையில் தட்டினார். நல்ல ஆட்டம்தான். மூன்று வருடத்தில் அந்த மேசையில் நான் பார்த்ததில் சிறந்தது.

கிளைட்டன் இரண்டு பகடையை எடுத்தான். ஒன்று வலது கையில் இருந்தது. மற்றது இடது கையில். இடது கையில் இருந்தது விரலிடுக்கு வழியாக நழுவித் தரையில் விழுந்து உருண்டது. அவன் முஷ்டியை மூடியபடியே இருந்தான். கையில் இருப்பதாக நினைத்துக் குலுக்கினான்.

“ஒண்ணுதான்” என்றேன்.

“என்ன?”

“ஒரு டைஸ்தான் உனக்கு.”

“வெளையாடாதலே. முங்கு, கத்தி. ரெண்டும் இருக்கு.”

“ரெண்டும் ஒரே எடத்துலருந்து வந்துருக்கு. பொறந்த ஊருலருந்து. ஒரே எடத்துலருந்து வந்தா ஒண்ணாத்தான் கணக்கு.”

அப்படி ஒரு விதி கிடையாது. அந்த நிமிடத்தில் வாயில் வந்தது. அறையில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும்.

கிளைட்டன் பேப்பரை என் முன் தள்ளினான். குரலை உயர்த்தவில்லை.

“சரி. முங்கு ரெண்டு தடவ எழுதியிருக்குல்லா? பொறப்புலருந்து வந்தத அடிச்சிரு. தொழில்லருந்து வந்தத வச்சிக்கிடுதேன். இப்ப முங்கு தொழில்லருந்து, கத்தி பொறப்புலருந்து. ரெண்டும் வேற வேற எடம். எத்தன டைஸ்?”

என் பொய் விதிப்படி பார்த்தாலும் இரண்டுதான் என்று அவன் கணக்கைத் தீர்த்துவிட்டான்.

ரீனா அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சரியான தீர்ப்பையே சொல்லியிருப்பேன். யாரும் சொல்லி நான் எதையும் செய்வதில்லை.

“ஒண்ணு” என்றேன்.

“ஏலே முருகா...” என்று அனிஷ் இழுத்தான்.

“ரெஃப்ரி சொன்னதுதான் முடிவுன்னு பேசினோம்” என்றார் ஜெரால்டு அண்ணன். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

கிளைட்டன் வலது கைப் பகடையை மட்டும் உருட்டினான். ஐந்து. அனிஷ் உருட்டினான். பதினொன்று.

இரண்டாவது பகடையில் பெரிய எண் விழுந்திருக்கலாம், இரண்டு இருந்தும் போதாமல் போயிருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரிந்தது அந்த ஐந்து மட்டும்தான்.

கொன்றேன். வேறு வழியில்லை. கொடுவாவின் கத்தி சீலாவின் விலாவைத் தொடாமல் போனது. சீலா தன் இடுப்புக் கயிற்றை அவன் கழுத்தில் இரண்டு சுற்று சுற்றி, முதுகில் முழங்காலை ஊன்றி இறுக்கினான். கடைசி மூச்சு குமிழியாக மேலே போனது. கண் பிதுங்கியது. நாக்கு வெளியே வந்து உப்புத்தண்ணீரைக் குடித்தது. காலை உதறினான். பிறகு உதறவில்லை. ரத்தம் புகைபோல மேலே பரவியது.

“செத்துட்டான்” என்றேன்.

மேசை என் மேல் வந்தது.

நாற்காலியோடு பின்னால் விழுந்தேன். எழுவதற்குள் கிளைட்டன் என் நெஞ்சின் மேல் இருந்தான். முதல் அடி வாயில் விழுந்தது.

“எத்தன டைஸ்?”

“ஒண்ணு.”

இரண்டாவது அடி அதே இடத்தில். பல் உடைகிற சத்தம் வெளியே கேட்காது, மண்டைக்குள் கேட்கும். ஜெரால்டு அண்ணன் அவன் தோளைப் பிடித்தார். முழங்கையால் பின்னால் ஒரு இடி. அவர் சுவரோடு போய்ச் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அனிஷ் கிளைட்டனின் சட்டையைப் பிடித்து இழுத்தான். சட்டை கிழிந்து வந்தது, ஆள் வரவில்லை.

“எனக்குப் போட்டும் வேண்டாம் மயிரும் வேண்டாம், விடுலே அவன!”

“நீ தள்ளு. ரெண்டுன்னு இவன் வாயிலருந்து வரணும் எனக்கு.”

கீழே கிடந்த விதி நோட்டை எடுத்து, பக்கத்தைத் தேடி, உரக்கப் படித்தான். என் கையெழுத்து. “திறமையும் கருவியும் இரண்டும் பொருந்தினால் இரண்டு பகடை. யாரு எழுதுனது?”

“நான்தான்.”

“அப்ப எத்தன?”

“ஒண்ணு.”

நோட்டின் முதுகால் காதில் அறைந்தான். பிறகு நோட்டை எறிந்துவிட்டு மறுபடி கை. புருவம் கிழிந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. நானும் சும்மா கிடக்கவில்லை. ஒரு முறை அவன் தொண்டையில் குத்தினேன், அவன் இருமியபடி அடித்தான். கட்டை விரலைக் கடித்தேன், தோல் பல்லோடு வந்தது. அவனுக்கு வலது கை முட்டியெல்லாம் பிய்ந்துவிட்டது. என் பல் கிழித்தது. வலித்திருக்க வேண்டும். கையை உதறிவிட்டு இடது கைக்கு மாறினான்.

இடது கைக்கு வலி கிடையாது. அதனால் அது நிறுத்தத் தெரியாமல் அடித்தது. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் கேட்டான். ஒவ்வொரு முறையும் சொன்னேன். கடைசியில் என் வாயில் இருந்து வந்தது எண்ணே இல்லை, வெறும் எச்சிலும் ரத்தமும். ஆனாலும் அவனுக்குப் புரிந்தது, ஏனென்றால் மறுபடி அடித்தான். அந்த அடி நெற்றியெலும்பில் விழுந்தது. ஏதோ ஒடிந்தது. என்னுடையது என்று நினைத்தேன்.

மறுபடி கையை ஓங்கினான். ரீனா அக்கா அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். இழுக்கவில்லை. அவன் கண்ணுக்கு நேராகத் திருப்பினாள்.

“ஏலே. வெரலப் பாரு.”

சுண்டுவிரல் பின்பக்கமாக மடிந்து புறங்கையில் படுத்திருந்தது. கணுவில் தோல் பிளந்து வெள்ளையாக எலும்பு நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து விரலும் கோணியிருந்தது. ரத்தம் முழங்கைவரை வழிந்து சொட்டியது. அவன் இன்னும் முஷ்டி மடக்கியிருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தான்.

கீழே தெருவில் மீன்காரியின் ஒலிபெருக்கி ‘நகரை மீனு, நகரை மீனு’ என்று கத்திக்கொண்டு போனது.

கிளைட்டன் அந்த விரலை வலது கையால் தொட்டான். நேராக்கிப் பார்த்தான். அது கர் என்று சத்தம் போட்டது. அனிஷ் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசலில் போய் வாந்தி எடுத்தான். கிளைட்டனின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. வலிக்க வேண்டிய இடத்தில் வலிக்கவில்லை என்பதை அவனே கவனித்தான். இன்னொரு முறை திருகினான். பிறகு என் நெஞ்சிலிருந்து இறங்கிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

“அனிஷு.”

“சொல்லு” என்றான் அவன், வாயைத் துடைத்தபடி.

“முங்குதப்ப கெட்டுத என் பெல்ட்டுல மூணாவது ஈயக்கட்டி வழுவும். முங்குததுக்கு முன்ன கம்பி போட்டுக் கெட்டிக்கோ. கயிறு போடாத, கயிறு ஊறுனா எளகிரும்.”

“சரி.”

“கம்ப்ரஸருக்குப் பக்கத்துல அருமைய உக்கார வைக்காத. அவன் செல்போன நோண்டிட்டே இருப்பான். எனக்குக் காத்து நின்னதும் அவன் கையிலதான்.”

ஜெரால்டு அண்ணன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அருமை அவருடைய மச்சினன். மூடிக்கொண்டார்.

ரீனா அக்கா தன் பழைய துப்பட்டாவைக் கிழித்து அவன் கையைச் சுற்றினாள். இன்னொரு துண்டை என் மேல் எறிந்தாள். “வாயில வச்சு அமுக்கு” என்றாள். நன்றி போல எதுவும் அவள் முகத்தில் இல்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

ஒரே ஆட்டோதான் கிடைத்தது. கிளைட்டனும் நானும் பின்சீட்டில், ரீனா அக்கா டிரைவருக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு. டிரைவர் எங்களை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் பிறகு ரோட்டை மட்டும் பார்த்தார். என் தாடை ஒரு பக்கம் தொங்கியது. ஒரு கண் மூடிவிட்டது. மற்ற கண்ணுக்கு உப்பு லாரிகள் போவது மங்கலாகத் தெரிந்தது.

மீன் மார்க்கெட் தாண்டியதும் கிளைட்டன் பேசினான். என்னைப் பார்க்கவில்லை.

“ரெண்டு டைஸ்தாம்ல.”

இனி சொல்வதால் எதுவும் மாறாது. நாளைக்கு அனிஷ்தான் போட்டில் ஏறுவான். அது முடிந்துபோன காரியம்.

“ரெண்டுதான்” என்றேன். ‘ழெண்டு’ என்றுதான் வந்தது.

அவன் வலது கை மேலே போனது. டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

“யப்பா ராசா, வண்டிக்குள்ள வேண்டாம்ப்பா. சீட்டு கவரு போன வாரந்தான் மாத்துனேன்.”

கையை இறக்கினான். ஆஸ்பத்திரி வாசல்வரை மடியிலேயே வைத்திருந்தான். ஆட்டோ நின்றது. நான் இறங்கி நிமிர்ந்ததும் வயிற்றில் ஓங்கி ஒன்று வைத்தான். மடங்கி விழப் பார்த்தேன். அதே கையால் காலரைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, அவசரப் பிரிவுக்குள் தள்ளிக்கொண்டு போனான்.